பாக்கர்வடிக்குப் பசிக்கவில்லை

லூர்து: …எச்சி மட்டும் ஒழுகுது. வாய வைக்க மாட்டேங்கு.

இன்பநாதன்: தட்டக் கொஞ்சம் முன்னால தள்ளிப் பாரு.

லூர்து: தள்ளியாச்சி. பின்னால இழுத்தும் பாத்தாச்சி. இனி நாந்தான் தட்டுக்குள்ள ஏறி உக்காரணும்.

இன்பநாதன்: என்ன வச்சிருக்க?

லூர்து: கோழி ஈரலும் சோறும். மஞ்சப்பொடி துளி. உப்பு இல்ல, காரம் இல்ல.

இன்பநாதன்: அதாம் விஷயம். உப்பில்லாம எவன் திம்பான்?

லூர்து: நாய்க்கு உப்பு ஆகாதாம்.

இன்பநாதன்: எனக்குந்தான் ஆகாதுன்னாரு டாக்டரு. அதுக்காக நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா உக்காந்திருக்கேன்?

லூர்து: ஆமா, அப்படித்தான் உக்காந்திருக்கிய. அது தரையில, நீங்க நாற்காலியில. மூஞ்சி ரெண்டும் ஒரே மூஞ்சி.

இன்பநாதன்: ஏல பாக்கரு… இங்க பாரு… ஆ சொல்லு. ஆ…

லூர்து: இப்ப நீங்கதான் வாயத் தொறந்துக்கிட்டு இருக்கிய.

இன்பநாதன்: மூணு மாசக் குட்டியாக்கும். இப்படிக் கெடந்தா என்னத்துக்கு ஆகும்? நாய் டாக்டர்ட்டக் கொண்டு போனியே, என்ன சொன்னாரு அவரு?

லூர்து: என்ன சொல்ல? தராசுல தூக்கி வச்சாரு. சிரிச்சாரு. ‘காத்தா நஹி தோ வஜன் கைஸே படா’ன்னாரு.

இன்பநாதன்: அது சரி… திங்காத குட்டிக்கு எடை எப்படிக் கூடும்?

லூர்து: அதத்தான் அவரும் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்?

இன்பநாதன்: எனக்கு மட்டும் என்ன தெரியும்?

லூர்து: இந்தா பாருங்க, நான் காலைல பூசைக்குப் போகும்போ பாலும் சப்பாத்தியும் பிச்சிப் போட்டு வச்சிட்டுத்தான போறேன். திரும்பி வந்தா தட்டு காலியா இருக்கு. அது என்னாவுது?

இன்பநாதன்: அதுவா… அது திங்கல. காக்காய்க்குப் போட்டுட்டேன்.

லூர்து: தினமுமா?

இன்பநாதன்: நல்ல காக்கா.

லூர்து: ம்.

இன்பநாதன்: நேத்து மத்தியானம் நான் ஒறங்கி எந்திரிச்சிப் பாத்தா, அடுக்களையில நாய்த் தட்டு கழுவிக் கவுத்துக் கெடக்கு. அந்தச் சோறு எங்க போச்சி?

லூர்து: அதுவா… கீழ் வீட்டுப் பூனைக்கு வச்சேன்.

இன்பநாதன்: கீழ் வீட்டுல பூன வளக்காங்களா?

லூர்து: இப்பத்தான்… வாங்கியிருக்காங்க.

இன்பநாதன்: ம்.

லூர்து: சரி, ஒங்க சோறு ஆறுது. ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க.

இன்பநாதன்: பண்ணியாச்சி.

லூர்து: எப்ப?

இன்பநாதன்: மனசுக்குள்ள.

லூர்து: இந்தா பாருங்க, ஒண்ணு கவனிச்சீயளா? நீங்க நெத்தியில கை வச்சி சிலுவ போட்ட ஒடனே அது ரெண்டு காதையும் தூக்கிக்கிட்டு ஒங்க வாயையே பாத்திச்சி.

இன்பநாதன்: மீன் கொழம்பப் பாத்திருக்கும்.

லூர்து: கொழம்பு இங்கன இருக்கு. ஒங்க வாயி அங்கன இருக்கு. வாயத்தான் பாத்திச்சி. நீங்க ஒண்ணும் சொல்லாம சோத்தப் பெசஞ்சதும் தலையத் தொங்கப் போட்டுட்டு. பாவமா இருக்கு. முன்னால சத்தமாத்தான சொல்லுவீய.

இன்பநாதன்: முன்னால வேற.

லூர்து: வீட்டுல ரெண்டு பேருதான் இருந்தா சத்தமாச் சொல்லக் கூடாதா?

இன்பநாதன்: முடிச்சி வைக்க ஆளு வேணும்லா… மோரு இருக்கா?

லூர்து: இருக்கு. இந்தா பாருங்க, நான் என்ன சொல்லுதேன்னா—

இன்பநாதன்: இந்தா பாருங்க, இந்தா பாருங்க… எம்புட்டு இந்தா பாருங்க! எனக்குன்னு ஒரு பேரு இல்லையா?

லூர்து: இருந்துச்சி. ‘ரெனிட்டா அப்பா’ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அப்படிக் கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருக்கது யாரு?

இன்பநாதன்: மோரு கேட்டேன்.

லூர்து: கொண்டு வாரேன். கல்யாணம் கட்டிட்டுப் போன பிள்ள பேரச் சொன்னா மோரு புளிச்சிருமோ?

இன்பநாதன்: கல்யாணம் கட்டிட்டுப் போனாளா? சொல்லாமப் போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, பெறகு வந்து ‘அப்பா, இவன் சபரி’ன்னா… கோயில் உண்டா, மந்திரிச்ச தாலி உண்டா? இனி அந்த வீட்டுல ஜெபம் எங்க, சிலுவ எங்க? சரி, விடு. வேற பேச்சுப் பேசு.

லூர்து: நீங்கதான் பேசுதீய. நான் மோரு ஊத்துதேன்.

இன்பநாதன்: …சரசா டீச்சருக்குக் காலு எப்படி இருக்காம்?

லூர்து: யாருக்கு?

இன்பநாதன்: சரசா டீச்சருக்கு. ஒன்கூட ஸ்கூல்ல வேல பாத்தவ, ஔந்த்ல இருக்கா, மழைல படி வழுக்கிக் காலு முறிஞ்சிட்டு, குட்டிய வச்சிக்கிட முடியல, அதனால நாம வச்சிருக்கோம்… நீதான சொன்ன?

லூர்து: ஆ… சரசாவா. பரவால்ல. கட்டுப் போட்டிருக்கு. கம்பு ஊணித்தான் நடக்கா.

இன்பநாதன்: கம்பு ஊணியா? குட்டி வேற காலுக்குள்ள காலுக்குள்ள வந்தா மறுபடியும் விழவா? இங்க அனுப்புனது நல்லது. கால்சியம் மாத்திர திங்காளா?

லூர்து: திங்கா.

இன்பநாதன்: பாலு குடிக்காளா? சின்னப்பிள்ளையில இருந்தே பாலுன்னா ஓடுவா—

லூர்து: யாரு?

இன்பநாதன்: …இந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாரும். பொதுவாச் சொன்னேன்.

லூர்து: சரசாவுக்கு என் வயசு.

இன்பநாதன்: அந்த வயசுலதான் கூடக் குடிக்கணும். சாயங்காலம் கேம்ப் மார்க்கெட் பக்கம் போனா ஆட்டுக்கால் வாங்கிட்டு வாரேன். சூப்பு வச்சிக் கொண்டு போ. எலும்பு சீக்கிரம் கூடும்.

லூர்து: நல்லா இருக்கு! சரசா முட்ட போட்ட கேக்கக் கூடத் தொட மாட்டா. சுத்தச் சைவம்.

இன்பநாதன்: அப்படியா? முந்தாநேத்து டப்பாவுல ஏதோ சூப்பு கொண்டு போனியே?

லூர்து: அது தக்காளி சூப்பு.

இன்பநாதன்: டப்பாவக் கழுவுனது நாந்தான். அடியில நல்லி எலும்பு கெடந்துது. தக்காளிக்குள்ள நல்லி எலும்பு எப்படிட்டி வந்துச்சி?

லூர்து: அது… பாக்கருக்குன்னு எடுத்து வச்சிருப்பா.

இன்பநாதன்: ஓகோ. சைவக்காரி வீட்டுல இருந்து, இங்க இருக்க பாக்கருக்கு, எலும்பு. நல்ல மனசு.

லூர்து: மோரக் குடிங்க.

இன்பநாதன்: குடிக்கேன். நாய்க்கு எவனாவது பாக்கர்வடின்னு பேரு வைப்பானா? திங்கிற பண்டத்து பேரு.

லூர்து: வால பாருங்க. சுருட்டிச் சுருட்டி, கடையில வாங்குற பாக்கர்வடி மாதிரியே இருக்குல்லா.

இன்பநாதன்: இருக்குதான். சரசா டீச்சருக்கு பாக்கர்வடின்னா அம்புட்டு இஷ்டமா? நம்ம வீட்டுலயும் ஒருத்தி… பாவாட மடி நெறைய வச்சிக்கிட்டு…

லூர்து: ம்? சொல்லுங்க.

இன்பநாதன்: ஒண்ணுமில்ல. நீ போன் போடு. குட்டி இந்த வேளையும் திங்கல, என்ன செய்யன்னு கேளு.

லூர்து: காலைலதான கேட்டேன்.

இன்பநாதன்: இப்பயும் கேளு. அடுத்தவங்க வீட்டுக் குட்டி. நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?

லூர்து: சரி, சரி. அடுக்களையில போயிப் பேசுதேன். இங்க சிக்னல் எடுக்காது.

இன்பநாதன்: பேசு. கதவ வேணும்னா சாத்திக்க. ஜன்னல மட்டும் சாத்தாத, புழுங்கும். நான் பால்கனியில செத்த நேரம் உக்காந்திருக்கேன்.

*

ரெனிட்டா: மா? ஏன் குசுகுசுன்னு பேசற? ஒண்ணும் கேக்கல.

லூர்து: அப்பா பால்கனியில இருக்காரு பிள்ள.

ரெனிட்டா: அப்போ ஸ்பீக்கர ஆஃப் பண்ணேன்.

லூர்து: கையெல்லாம் சோப்பு. பாத்திரம் கழுவிட்டே பேசுதேன். சத்தத்தக் கொறச்சித்தான் வச்சிருக்கேன்.

ரெனிட்டா: நீ கொறச்சி வச்சா பக்கத்து பில்டிங்குக்குக் கேக்கும்.

லூர்து: எனக்குக் காது கேக்க வேண்டாமா? சொல்லு, காலு நோவுதா?

ரெனிட்டா: நோவல. அரிக்குது. கட்டுக்குள்ள ஸ்கேல விட்டு சொறிஞ்சேன், சபரி பாத்துட்டு கத்தறான். அரே, அரிச்சா என்ன பண்ண? பாக்கர் சாப்பிட்டானா?

லூர்து: மேசகிட்ட வச்சாத் திங்க மாட்டேங்கான். அப்பா ஒறங்கப் போன பெறகு, இங்க அடுக்களையில வச்சி, காதுகிட்டப் போயி மெதுவா ‘ஆமாங்க’ன்னு சொல்லுதேன். அம்புட்டுத்தான். தட்டையும் சேத்துத் தின்னுருவான் போல.

ரெனிட்டா: அப்ப சரி. அது போதும். நாங்க ஜெபம் முடிச்சி ‘ஆமாங்க’ சொன்ன அப்புறம்தான் அவனுக்கும் தட்டு வைப்போம். பழகிடுச்சு. வேற எதுக்கும் வாய வைக்க மாட்டான். அப்பா முன்னாடியே நீ சொல்லேன் மா.

லூர்து: எப்படிச் சொல்ல? அந்த வார்த்தையச் சொன்னா அடுத்த நிமிசம் அவருக்குத் தெரிஞ்சிரும். ஒலகத்துல எந்த வீட்டுல ஆமென்ன ‘ஆமாங்க’ன்னு சொல்லுதாங்க? நம்ம வீட்டுல கூட பேச்சுக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். தூத்துக்குடிக்காரங்களுக்கு வெறும் ‘ஆமா’தான்.

ரெனிட்டா: அப்ப நான் எங்கேந்து பிடிச்சேன்?

லூர்து: அப்ப பக்கத்து வீட்டுல இருந்த ரங்கராஜன் மாமாட்ட இருந்துதான். கோயம்புத்தூர்க்காரரு. எதச் சொன்னாலும் ஒரு ‘ங்க’ போடுவாரு. நீ அங்கனயேதான் கெடப்ப. ஒரு நாளு சாப்பிட உக்காரும்போ அப்பாட்ட கேட்ட, ஆமென்னா என்னன்னு. ‘ஆமா, அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்’னாரு. நீ சொல்லுத, ‘சாமிகிட்ட வெறும் ஆமான்னு சொன்னா மரியாத இல்லப்பா, ஆமாங்கன்னுதான் சொல்லணும்’னு.

ரெனிட்டா: அப்பா திட்டலியா?

லூர்து: திட்டவா? சோத்துல கை வச்சிக்கிட்டுச் சிரிச்சாரு பாரு… புரையேறிப் போச்சி. அன்னைல இருந்து ஜெபத்த அவரு சொல்லுவாரு, முடிக்கது நீ. ஒரு தடவ சாமியாரு வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு. அவரு முன்னாலயும் நீ ‘ஆமாங்க’ன்ன. சாமியாரு முழிக்காரு. அப்பா சொல்லுதாரு, ‘எங்க வீட்டுல அப்படித்தான் ஃபாதர்’ன்னு. ஏளா? லைன்ல இருக்கியா?

ரெனிட்டா: இருக்கேன். இங்க சபரிதான் மா கடைசில சொல்வான். ஜெபம் நான் சொல்லுவேன், கண்ண மூடிட்டு உக்காந்திருப்பான், கரெக்டா ‘ஆமாங்க’ன்னுவான். அவனும் கோயம்புத்தூர்தானே. அவனுக்கு அது ஜோரா வருது.

லூர்து: இத ஒங்கப்பா கேட்டா…

ரெனிட்டா: கேக்க வேணாம். நீ சொல்லாத. அப்பா என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?

லூர்து: சரசா காலப் பத்திக் கேட்டாரு.

ரெனிட்டா: சரசா டீச்சரப் பத்தி இல்ல மா. என்னைப் பத்தி.

லூர்து: …ஆட்டுக்கால் வாங்கிட்டு வாரேன்னாரு.

ரெனிட்டா: ‘இனி இந்த மேசையில ஒனக்குத் தட்டு கெடையாது’ன்னு சொன்னாரு. ஞாபகம் இருக்கா? தட்டுன்னு சொன்னாரு மா. வீடுன்னு சொல்லியிருந்தாக் கூடப் பரவால்ல. அவரே கூப்பிடாம நான் எப்படி வருவேன்?

லூர்து: கோவத்துல சொன்னது பிள்ள.

ரெனிட்டா: கோவம் போயிருந்தா ஒரு போன் பண்ணியிருப்பார்ல?

லூர்து: அவருக்குப் போன் பண்ணத் தெரியாது. கோவப்பட மட்டும் தெரியும். அழாத… ஏளா, அழாத. கட்டு எப்பப் பிரிக்காங்க?

ரெனிட்டா: சனிக்கிழம. ஞாயித்துக்கிழம மத்தியானம் சபரி வந்து பாக்கரக் கூட்டிட்டு வந்துடுவான். நீ கீழ கேட் கிட்ட கொண்டாந்து குடு. நானும் வரேன். கார்லயே இருக்கேன், மேல வரல. கீழேந்து நம்ம பால்கனியப் பாத்துட்டுப் போயிடறேன்.

லூர்து: கீழ இருந்து பால்கனியவா…

ரெனிட்டா: போதும் மா. வெக்கறேன். அப்பாவ மழைல நிக்க விடாத, சளி பிடிக்கும்.

*

இன்பநாதன்: பேசிட்டியா? என்ன சொன்னா சரசா டீச்சர்?

லூர்து: நீங்க என்ன, சாரல்ல நனைஞ்சிட்டா உக்காந்திருந்தீய? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு.

இன்பநாதன்: சாரலுதான். என்ன சொன்னா?

லூர்து: சாப்பாடு வைக்க முன்ன… ஏதோ சொல்லுவாங்களாம். அதச் சொன்னாத்தான் குட்டி திங்குமாம்.

இன்பநாதன்: என்ன சொல்லுவாங்களாம்?

லூர்து: அது… சாமி பேரு.

இன்பநாதன்: எந்தச் சாமி பேரு?

லூர்து: …கோவிந்தா.

இன்பநாதன்: கோவிந்தாவா?

லூர்து: அப்படித்தான் காதுல விழுந்துது.

இன்பநாதன்: ஏல பாக்கரு… கோவிந்தா! …கோ…விந்தா! வால கூட ஆட்டலயே.

லூர்து: ஒங்க வாயில இருந்து வந்தா அதுக்கு நம்பிக்க இல்ல.

இன்பநாதன்: அப்ப நீ சொல்லு.

லூர்து: எனக்கு வேல கெடக்கு.

இன்பநாதன்: சாயங்காலமும் ஒரு போன் போட்டுக் கேட்டுரு. சரியாக் கேளு. கோவிந்தாவா, கோபாலாவான்னு.

*

லூர்து: ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ரெண்டு பேருக்கு இம்புட்டுக் கறியா? யாரு திங்க?

இன்பநாதன்: மழைக்கு நல்லா இருக்கும்னு வாங்குனேன்.

லூர்து: ஷேவ் பண்ணியிருக்கிய. இஸ்திரிப்பெட்டி போட்ட சட்ட வேற.

இன்பநாதன்: பூசைக்குப் போனோம்லா.

லூர்து: வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சி. லுங்கிக்கு மாறாம இருக்கிய. மேசையில என்ன அந்தப் பொட்டலம்?

இன்பநாதன்: பாக்கர்வடி. அது ஊருக்குப் போகுதுல்லா.

லூர்து: நாய்க்கு பாக்கர்வடியா? அதுல அம்புட்டும் காரம்.

இன்பநாதன்: …கூட வாறவங்க திங்கட்டும். யாரு வாரா கூட்டிட்டுப் போக?

லூர்து: சரசாவோட… தம்பி மகன். இப்ப கேட் கிட்ட வந்து நிக்கானாம். நான் கொண்டு போயிக் குடுத்துட்டு வாரேன். கயிறு எங்க வச்சேன்… வா பாக்கரு.

இன்பநாதன்: நில்லு.

லூர்து: என்ன?

இன்பநாதன்: அந்தக் கயிறக் கீழ வை. சாப்பிடாம அனுப்ப மாட்டேன்.

லூர்து: அங்க போனாத் தின்னும்.

இன்பநாதன்: அங்க தின்னும். இங்க? நம்ம வீட்டுக்கு வந்த குட்டி, நம்ம மேசகிட்ட ஒரு வாய் திங்காமலே போச்சின்னா எனக்கு ஒப்பாது. தட்டக் கொண்டா.

லூர்து: கொண்டாந்தா மட்டும்? திரும்பியும் ஒங்க வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பாக்கும்.

இன்பநாதன்: ஒன் போனக் குடு.

லூர்து: எதுக்கு?

இன்பநாதன்: சரசா டீச்சர்ட்ட நானே கேக்கேன்.

லூர்து: வேண்டாம்! அவ… ஒறங்குவா.

இன்பநாதன்: தம்பி மகன் குட்டியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான், அவ ஒறங்குவாளா? குடு இங்க. இந்தா இருக்கு, ‘சரசா ஔந்த்’. ஸ்பீக்கர எங்க அமுக்கணும்… இதானா?

லூர்து: இந்தா பாருங்க, சொன்னாக் கேளுங்க. நான் ஒரு விஷயம் ஒங்ககிட்டச் சொல்லணும், அது வந்து—

ரெனிட்டா: ஹலோ, மா? மா? பேசு.

இன்பநாதன்: டீச்சரம்மாவா? வணக்கம் டீச்சரம்மா. நான் லூர்து வீட்டுக்காரன் பேசுதேன். லைன்ல இருக்கிய?

ரெனிட்டா: …ம்.

இன்பநாதன்: காலு எப்படி இருக்கு?

ரெனிட்டா: பரவால்ல…

இன்பநாதன்: கட்டுப் பிரிச்சாச்சின்னு ஒடனே ஊணிறக் கூடாது, கேட்டீயளா? கொஞ்ச நாளைக்கு ஆளப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடக்கணும். ஸ்கேல வச்சிச் சொறியவும் கூடாது.

லூர்து: ஸ்கேலா? இவருக்கு எப்படி…

இன்பநாதன்: நீ சும்மா இரு. டீச்சரம்மா, ஒங்க குட்டி எங்க மேசகிட்ட ஒரு வாய் திங்க மாட்டேங்கு. சாப்பிட முன்ன ஒங்க வீட்டுல ஏதோ சொல்லுவீயளாமே?

ரெனிட்டா: …சொல்லுவோம்.

இன்பநாதன்: இப்பமுமா?

ரெனிட்டா: தினமும். தினமும் சொல்றோம்… அங்கிள்.

இன்பநாதன்: அங்கிளா… சரி. வீட்டுக்காரரும் சொல்லுவாரா?

ரெனிட்டா: அவன்தான் ஃபர்ஸ்ட் கண்ண மூடுவான்.

இன்பநாதன்: ம்… நல்லது. அப்ப ஒண்ணு செய்வோம். ஜெபத்த நான் ஆரம்பிக்கேன். முடிச்சி வைக்கது நீங்க. இந்தா, போன குட்டி தட்டுகிட்ட வைக்கேன். லூர்து, கண்ண மூடு.

லூர்து: மூடிட்டேன்.

இன்பநாதன்: மூடல. என்னயத்தான் பாத்துக்கிட்டு இருக்க.

லூர்து: நீங்களும் தொறந்துதான வச்சிருக்கிய.

இன்பநாதன்: பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே… ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டையும் சமைச்ச கையையும் ஆசீர்வதியும். பசிச்சவங்களுக்கும் தாரும். இந்த மேசையில இருக்கவங்கள… இந்த மேசையில…

லூர்து: சொல்லுங்க.

இன்பநாதன்: சொல்லுதேன்ட்டி. …இந்த மேசையில இருக்கவங்களையும், கீழ நிக்கிறவங்களையும் ஆசீர்வதியும். அவங்க தட்டு இங்கனதான் இருக்கு. கழுவித்தான் வச்சிருக்கேன். முடிங்க டீச்சரம்மா. குட்டி போனையே பாத்துக்கிட்டு நிக்கி.

ரெனிட்டா: …

இன்பநாதன்: ஏளா… முடிச்சி வை பிள்ள.

ரெனிட்டா: …ஆமாங்க.

லூர்து: திங்குது! இந்தா, திங்குது பாருங்க! மெல்ல, மெல்ல… ஈரல முழுங்காத சவமே, கடிச்சித் தின்னு!

ரெனிட்டா: அப்பா…

இன்பநாதன்: லிஃப்ட் ஓடுது. மெதுவா வா. அந்தப் பையன் கையப் பிடிச்சிக்கிட்டு வா. அவனையும் கூட்டிட்டு வா, காரப் பூட்டிட்டு வரச் சொல்லு. கேட் கிட்ட வழுக்கும், பாத்து. வை. போன வை. என்னட்டி நிக்க? ரெண்டு தட்டு எடு. அவ தட்டு அலமாரி மேல் அடுக்குல, சில்வர் செம்புக்குப் பின்னால இருக்கு.

லூர்து: அவங்க கீழ காருல இருக்கது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்பநாதன்: தெரியும்.

லூர்து: இது அவ குட்டின்னு?

இன்பநாதன்: அது வந்த மறுநாளே தெரியும். நீ பூசைக்குப் போயிருந்த. ரங்கராஜன் கோயம்புத்தூர்ல இருந்து போன் போட்டாரு. ‘மழைங்களா அங்க?’ன்னாரு. அவருகிட்டப் பேசுனா எனக்கும் அந்த ‘ங்க’ ஒட்டிக்கிடும்லா. ‘ஆமாங்க’ன்னேன். பின்னால சளப்பு சளப்புன்னு சத்தம். திரும்பிப் பாத்தா பாலும் இல்ல, சப்பாத்தியும் இல்ல.

லூர்து: அப்ப காக்கா?

இன்பநாதன்: ஒன் கீழ் வீட்டுப் பூன மாதிரிதான். தினமும் காலைல நாந்தான் சொல்லுதேன், அது திங்கு.

லூர்து: அடப் பாவி மனுசா! காலைல நீங்க, மத்தியானம் நான்… குட்டி எடை எப்படிக் கூடாம இருக்கும்? நான் என்னமோ ஒங்களுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணிட்டேன்னு ராத்திரி ஒறங்காமக் கெடந்தேன்…

இன்பநாதன்: தட்ட எடுட்டி. லிஃப்ட் சத்தம் கேக்கு.

லூர்து: எடுக்கேன். இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குட்டி வயிறு ரொம்பித்தான் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சிக்கிட்டே, ‘திங்க மாட்டேங்கு, போன் போடு, போன் போடு’ன்னு ரெண்டு வேளையும் என்ன எதுக்கு வெரட்டுனீய, ரெனிட்டா அப்பா?

இன்பநாதன்: அடுக்கள ஜன்னலு பால்கனியப் பாத்துத்தானட்டி இருக்கு… நீயும் ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான பாத்திரம் கழுவுவ… எம்பிள்ள சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சி.